துண்டுக்குள் முடியும் பேச்சு

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே பொய்கைச் சந்தை கூடிவிடும். சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். விற்க வந்த மாடுகளைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்பார். தரகர் வந்து தோளிலிருக்கும் துண்டை எடுத்துத் தன் கைமேலும் எதிரில் நிற்பவரின் கைமேலும் போடுவார். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வேறு கணக்கு. வெளியே நிற்பவனுக்கு முகங்கள் மட்டும்தான் தெரியும். ஒருவர் தலையை ஆட்டுவார், மற்றவர் உதட்டைப் பிதுக்குவார். சட்டென்று துண்டு விலகும். வியாபாரம் முடிந்தது. எவ்வளவுக்கு முடிந்தது என்று வீடு வந்து சேரும் வரை அப்பா வாயைத் திறக்க மாட்டார்.

கணினி பழுது பார்க்கும் தொழிலுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு என்று எதைச் செருகினாலும் அதற்கும் கணினிக்கும் நடுவே இதே துண்டுப் பேச்சு நடப்பதைத்தான் நான் பார்க்கிறேன். எந்த வேகம், எந்த நெறிமுறை, எவ்வளவு மின்சாரம் என்பதையெல்லாம் அவை தாங்களே பேசி, கண் இமைப்பதற்குள் முடித்துக்கொள்கின்றன. நமக்கு ஒரு சத்தம் கேட்கிறது. திரையில் ஒரு படம் வருகிறது. என்ன விலைக்கு முடிந்தது என்று அவை சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டு நானும் என் வாடிக்கையாளர்களும் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

2003இல் நான் வேலை பழகிய கடை பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே துண்டு கிடையாது, எல்லாம் வெளிப்படையான பேரம். ஐடிஇ என்ற பழைய வகை இணைப்புள்ள ஹார்டு டிஸ்கின் பின்புறம், இரண்டு ஊசிகளைச் சேர்த்து மூடும் அரிசி அளவு மூடி ஒன்று இருக்கும், அதுதான் ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று ஜம்பரை நகர்த்தி நாம்தான் சொல்லவேண்டும். முதலாளி உதிரி ஜம்பர்களைப் பழைய சுண்ணாம்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒன்று கீழே விழுந்தால் மண்டியிட்டுத் தேடுவது என் வேலை. இரண்டு டிஸ்கையும் மாஸ்டராக வைத்துவிட்டால் இரண்டுமே தெரியாமல் போகும், அல்லது கணினி கறுப்புத் திரையோடு நின்றுவிடும். எரிச்சலான வேலைதான். ஆனாலும் அந்தக் காலத்துத் தவறுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. உடனே கன்னத்தில் அறையும். தப்பு என்று தெரிந்துவிடும், திருத்திவிடலாம்.

பிறகு வந்தவை எல்லாம் பண்பானவை, அறையாது. முகம் கோணாமல் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடரும்.

இந்தப் பண்பு என்னை முதன்முதலில் ஏமாற்றியது 2006 வாக்கில், ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில். கணக்கு எழுதும் கணினி ஆமையாகிவிட்டது என்று கணக்காளர் ஐயா கூப்பிட்டார். ஒரு ரசீதைத் திறந்துவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம், அப்படி இருந்தது. நான் போய்ப் பார்த்தேன், வைரஸ் சோதித்தேன், ராம் போதவில்லை என்று தீர்ப்பு சொல்லி 512 எம்பி ராம் விற்றேன். இரண்டு வாரத்தில் திரும்பக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. “தம்பி, புது ராமும் டீ குடிக்கப் போய்விட்டது போலிருக்கிறது” என்றார்.

அன்று டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலைத் திறந்து பார்த்தேன். அல்ட்ரா டிஎம்ஏ 5 என்று இருக்கவேண்டிய இடத்தில் பிஐஓ என்று இருந்தது. டிஎம்ஏ முறையில் டிஸ்க் தன் தரவை நேராக நினைவகத்தில் இறக்கிவிடும். பிஐஓ முறையில் ஒவ்வொரு துணுக்கையும் புராசஸரே சுமந்து போய்ப் போடவேண்டும். நொடிக்கு 100 எம்பி வரை போகக்கூடிய பாதை, ஏட்டளவிலேயே 16 எம்பிக்கு இறங்கிவிடும்; கையில் வருவது அதைவிடக் குறைவு. விண்டோஸ் எக்ஸ்பி ஒரு கணக்கு வைத்திருந்தது. தரவு கேபிளில் சிதைந்து வந்தாலோ, டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்தாலோ ஒரு புள்ளி. ஆறு புள்ளிக்கு மேல் போனால் வேகத்தில் ஒரு படி கீழே. இப்படிப் படிப்படியாக இறங்கி, கடைசியில் பிஐஓ. இறங்கும்போது ஒரு அறிவிப்பும் வராது. அதைவிட முக்கியம், ஒருமுறை இறங்கியது தானாக ஏறாது.

சேனலை நீக்கிவிட்டுக் கணினியைத் திரும்ப இயக்கினால் பேச்சு புதிதாகத் தொடங்கும். செய்தேன், குதிரையாகிவிட்டது. இரண்டே மாதத்தில் மறுபடி ஆமை. அப்போதுதான் பெட்டியைக் கழற்றி ஒழுங்காகப் பார்த்தேன். சிடி டிரைவுக்கு அடியில் கேபிள் மடிந்து, மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. புதிய எண்பது கம்பிக் கேபிள் ஒன்று மாட்டியதும் நோய் தீர்ந்தது. ராம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். அடுத்த இரண்டு சர்வீஸுக்கு அந்த அலுவலகத்தில் கூலி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஐடிஇக்குப் பதிலாகச் சாட்டா இணைப்பு வந்தபோது ஜம்பர் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டோம். ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க். மாஸ்டர், ஸ்லேவ் சண்டை இல்லை. மின்சாரம் வந்ததும் இரண்டு பக்கமும் முதலில் சின்னச் சின்னத் துடிப்புகளால் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொள்ளும். பிறகு டிஸ்க் தனக்குத் தெரிந்த உச்ச வேகத்தில் ஒரு குறிப்பிட்ட சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பும். மதர்போர்டு அதைப் பிடித்துக்கொண்டால் பேச்சு முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் சில பத்து மைக்ரோநொடிகளில் டிஸ்க் அடுத்த வேகத்துக்கு இறங்கி அதே சொல்லை அனுப்பும். 6 கிகாபிட், 3 கிகாபிட், 1.5 கிகாபிட் என்று மேலிருந்து கீழே. விற்பவன் முதலில் பெரிய விலையைச் சொல்லிப் பிறகு இறங்கிவருவது போலத்தான்.

இதிலும் ஒரு காலம் கோளாறு இருந்தது. 3 கிகாபிட் டிஸ்குகள் புதிதாக வந்த சமயத்தில், சில பழைய மதர்போர்டுகளின் சில்லுகளுக்கு இந்த இறங்கிவரும் பேச்சே புரியவில்லை. டிஸ்க் தெரியவே தெரியாது. அதற்காக டிஸ்க் தயாரித்தவர்கள் பின்புறத்தில் மறுபடியும் ஒரு ஜம்பரை வைத்தார்கள்: போட்டால் பேரம் பேசாமல் நேராக 1.5இல் நிற்கும். சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அன்று உதவியது. இதில் ஒரு பின்குறிப்பு உண்டு. பழைய கணினியிலிருந்து கழற்றி நல்ல கணினிக்கு மாற்றிய டிஸ்குகளில் அந்த ஜம்பரை எடுக்க மறந்துவிடுவோம். வருடக்கணக்கில் பாதி வேகத்தில் ஓடிய டிஸ்குகளைப் பிற்பாடு நானே கழற்றியிருக்கிறேன். போட்டவனும் நானே.

இப்போது குடியாத்தம் தம்பியின் கதைக்கு வருகிறேன். கல்யாணப் படம் எடுப்பவர். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதைத் தொட்டு முகூர்த்த நாள்கள் என்று அந்த மாதம் அவருக்குத் தூக்கம் கிடையாது. ஒரு நாள் மதியம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டியையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்தார். “அண்ணா, இது செத்துக்கொண்டிருக்கிறது. நானூறு ஜிபி ஏற்ற மூன்று மணி நேரம் ஆகிறது. வாங்கிய புதிதில் இருபது நிமிடத்தில் முடிந்தது. வேறு வாங்கித் தாருங்கள்.”

விற்றிருந்தால் எனக்கு லாபம். ராணிப்பேட்டை ராம் ஞாபகம் வந்தது. “முதலில் நீங்கள் எப்படிச் செருகுகிறீர்கள் என்று காட்டுங்கள்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருகுவதில் என்ன இருக்கிறது? ஆனால் காட்டினார். நீல நிற போர்ட்டுக்கு முன்னால் பிளக்கைக் கொண்டுபோய், அகல் விளக்கில் எண்ணெய் விடுகிறவர் போல அவ்வளவு பதமாக, மெதுவாக உள்ளே தள்ளினார். முன்பு ஒரு மடிக்கணினியின் போர்ட் உடைந்து செலவானதிலிருந்து அவருக்கு அந்தப் பயம்.

ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கச் சொன்னேன். வேகம் 38 எம்பியில் போய் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோடு போட்டது போல நின்றது. முறைப்படி வெளியேற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒரே தள்ளில் விரைவாகச் செருகினேன். அதே கோப்பு, அதே கேபிள், அதே போர்ட். 400 எம்பியைத் தாண்டியது. தம்பி என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மந்திரம் ஒன்றும் இல்லை. யுஎஸ்பி 3 பிளக்கின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வாசலுக்குப் பக்கத்தில் நான்கு தகடுகள். உள்ளே தள்ளி இன்னும் ஐந்து. நான்கும் 2000இல் வந்த யுஎஸ்பி 2க்கு உரியவை, மின்சாரமும் அவற்றின் வழிதான். உள்ளே இருக்கும் ஐந்து 2008இல் வந்த யுஎஸ்பி 3க்கு. பிளக் உள்ளே போகும்போது முதலில் மின்சாரம் கிடைக்கிறது, கடைசியில்தான் அந்த ஐந்தும் தொடுகின்றன. மின்சாரம் வந்ததும் சாதனம் வேகமான பாதையில் எதிராளி இருக்கிறாரா என்று சில தடவை தட்டிப் பார்க்கும். மெதுவாகத் தள்ளினால் அந்த நேரத்தில் ஐந்து தகடுகளும் இன்னும் தொட்டிருக்காது. பதில் இல்லையென்று சாதனம் பழைய பாதைக்குப் போய், அங்கே பேச்சை முடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் பிளக்கை முழுவதும் தள்ளினாலும் பயனில்லை. துண்டு விலகிவிட்டது.

எல்லாப் பெட்டியும் இப்படி நடந்துகொள்வதில்லை. சில பெட்டிகள் பிறகும் வேகப் பாதையை முயன்று பார்க்கும். தம்பியுடையது முயலவில்லை. புதிதில் இருபது நிமிடம் ஆனதற்குக் காரணம், அப்போது அவருக்குப் போர்ட் உடைந்த அனுபவம் இல்லை.

இந்த 38 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இருபது வருடத் தொழிலில் நான் கற்ற பாடங்களில் பாதி இப்படிப்பட்ட எண்கள்தான். யுஎஸ்பி 2இன் வேகம் 480 மெகாபிட் என்று எழுதியிருப்பார்கள். எட்டு பிட் ஒரு பைட், ஆக 60 எம்பி. பேச்சுக்கும் மரியாதைக்கும் போனது போகக் கையில் 35 முதல் 40 வரை நிற்கும். யுஎஸ்பி 3இன் 5 கிகாபிட்டில் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் கம்பியில் பத்து பிட் போகிறது, அதனால் உச்சமே 500 எம்பி. சாட்டாவும் அதே எட்டுக்குப் பத்துக் கணக்கு. 3 கிகாபிட்டில் முடித்துக்கொண்ட எஸ்எஸ்டி 270, 280இல் நிற்கும். 6இல் முடித்தது 550ஐத் தொடும். நெட்வொர்க்கில் 100 மெகாபிட் என்றால் 11 எம்பி, கிகாபிட் என்றால் 110 சொச்சம்.

எண்ணைவிடக் கோட்டின் குணம் முக்கியம். விண்டோஸில் நகலெடுக்கும்போது ‘மேலும் விவரம்’ என்பதைத் திறந்தால் பச்சை வரைபடம் வரும். மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கினால் கோளாறு பெரும்பாலும் சாதனத்துக்குள்: சின்னச் சின்னக் கோப்புகள், நிறைந்துபோன எஸ்எஸ்டி, சூடு. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறிக்கு அடியில் வைக்காத என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது வேறு கதை. ஆனால் கோடு மொட்டை மாடி போலச் சமமாக, மேலே சொன்ன எண்களில் ஒன்றின் அருகே நின்றால், சாதனத்தைச் சந்தேகிக்காதீர்கள். ஒப்பந்தம் அந்த விலைக்கு முடிந்திருக்கிறது. இதற்கு ஒரு மென்பொருளும் வேண்டாம், வாடிக்கையாளரிடம் தொலைபேசியிலேயே கேட்டுச் சொல்லிவிடலாம்.

உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால் வழி உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘டிரான்ஸ்ஃபர் மோட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள். இடப்பக்கம் இப்போது முடிந்திருக்கும் விலை, வலப்பக்கம் டிஸ்கால் முடிந்த விலை. சாட்டா 300, சாட்டா 600 என்று இரண்டும் வேறாக இருந்தால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். அதே திரையில் கீழே C7 என்ற எண்ணில் (பதின்மக் கணக்கில் 199) சிஆர்சி பிழைக் கணக்கு இருக்கும். கேபிளில் சிதைந்த தரவின் வாழ்நாள் கணக்கு அது; பூஜ்யத்துக்குத் திரும்பாது. அதனால் அங்கே எண்ணைப் பார்த்துப் பயப்படவேண்டாம். எழுதி வைத்துக்கொண்டு, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறியிருந்தால்தான் கவலை. டிஸ்க் போய்விட்டது என்று வந்தவற்றில் எத்தனையோ வெறும் கேபிளால் பிழைத்திருக்கின்றன.

வேகம் மட்டும் பேசப்படுவதில்லை, மொழியும் பேசப்படுகிறது. இது என் சொந்தப் பெட்டியிலேயே நடந்தது. கடையின் பழைய கோப்புகளை வைக்க ஒரு யுஎஸ்பி பெட்டியில் நான்கு டிபி டிஸ்க் போட்டு, லினக்ஸ் கணினியில் மாட்டியிருந்தேன். பெரிய நகல் ஓடும்போது நடுவில் திடீரென்று டிஸ்க் காணாமல் போகும். ஒரு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல வரும். டிஸ்கை வேறு கணினியில் நேராக மாட்டிச் சோதித்தேன், தங்கமாக இருந்தது. மின்சாரத்தைச் சந்தேகித்தேன், அடாப்டரை மாற்றினேன். மூன்று இரவு போனது.

இந்தப் பெட்டிகள் இரண்டு மொழி பேசும். ஒன்று பழையது: ஒரு கட்டளை, அதற்குப் பதில், பிறகுதான் அடுத்த கட்டளை. மற்றது யுஏஎஸ் எனப்படும் புதியது. பல கட்டளைகளை வரிசையில் அனுப்பிவிடலாம், டிஸ்க் தனக்கு வசதியான வரிசையில் முடித்துத் தரும். செருகியவுடன் பெட்டி தனக்கு இரண்டும் தெரியும் என்று சொல்கிறது, லினக்ஸ் நல்லதைத் தேர்ந்துகொள்கிறது. என் பெட்டிக்குள் டிஸ்குக்கும் யுஎஸ்பிக்கும் நடுவே பாலமாக இருக்கும் சில்லு தனக்கு யுஏஎஸ் தெரியும் என்று சொன்னதே தவிர, சுமை ஏறியதும் அந்த மொழியில் திக்கியது. லினக்ஸ் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் கர்னல் பதிவேட்டைத் திறந்தபோது யுஏஎஸ் என்ற பெயரோடு பிழை வரிகள் வரிசையாக இருந்தன. மூன்று இரவுக்கு முன்பே திறந்திருக்கலாம்.

தீர்வு ஒரு வரி: இந்த அடையாள எண்ணுள்ள பெட்டியோடு யுஏஎஸ் பேசாதே என்று யுஎஸ்பி ஸ்டோரேஜ் அமைப்பில் குறிப்பு எழுதிவைப்பது. கொஞ்சம் வேகம் போயிற்று. நகல் நடுவில் அறுவது அதோடு நின்றது. டிஸ்க் அடிக்கடி மறைந்து வந்தால், புதிய டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் பெட்டியை மாற்றிப் பாருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். டிஸ்கைவிடப் பெட்டி மலிவு.

நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகள் இன்னும் அதிகம் தானாகச் செய்துகொள்பவை. 2018இல் ஒரு ஸ்கேன் மையத்தில் இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி ஒன்றை நான் பராமரித்துவந்தேன். முதல் நாள் பெட்டியைக் காணோம் என்றார்கள். ரௌட்டரை மாற்றியிருந்தார்கள், அதில் முகவரி வழங்கும் வசதி அணைந்திருந்தது. முகவரி கிடைக்காத பெட்டி சும்மா இருக்கவில்லை. 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே பொறுக்கி, இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டு, பதில் வராததால் குடியேறிவிட்டது. மற்ற கணினிகள் வேறு தெருவில். உங்கள் பெட்டியின் முகவரி 169.254 என்று இருந்தால் பெட்டி கெடவில்லை; அதற்கு முகவரி கொடுக்க யாரும் இல்லை என்று பொருள்.

சில மாதம் கழித்து எல்லாப் படமும் மெதுவாகத் திறக்கிறது என்றார்கள். நகலெடுத்துப் பார்த்தேன்: 11, மொட்டை மாடி. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். பொய்க்கூரைக்கு மேலே ஏணி வைத்து ஏறினால், எலி கடித்து நீலக் கம்பி ஒன்று தனியாகத் தொங்கியது. மற்ற கம்பிகள் நன்றாக இருந்ததால் இரண்டு பக்கமும் பேசி நூறுக்கு இறங்கி நிம்மதியாக இருந்துவிட்டன. கம்பி முழுவதும் அறுந்திருந்தால் அன்றே கூப்பிட்டிருப்பார்கள். அரைகுறையாகக் கடித்த எலியால் எத்தனை வாரம் நோயாளிகள் வரிசையில் கூடுதலாகக் காத்திருந்தார்களோ.

அதே பெட்டியிடம் ஒரு வேறு பாடமும் கற்றேன். புதிய விண்டோஸ் போட்ட கணினிகளில் அது திறக்க மறுத்தது. கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே அந்தப் பழைய பெட்டிக்குத் தெரியும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற பணயத் தாக்குதல் உலகெங்கும் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அந்த வருட அக்டோபர் பதிப்பிலிருந்து விண்டோஸ் அதைத் தானாகவே கழற்றிவிடத் தொடங்கியிருந்தது. நான் செய்தது என்ன? ‘விண்டோஸ் அம்சங்கள்’ பட்டியலுக்குப் போய் அந்தப் பழைய பதிப்பை டிக் செய்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. பேச மாட்டேன் என்று கணினி காரணத்தோடு மறுத்ததை நான் கையைப் பிடித்து இழுத்துப் பேசவைத்திருக்கிறேன். மறுநாள் காலை முதல் வேலையாகப் போய், பெட்டியின் ஃபர்ம்வேரை, அதாவது அதன் உள் மென்பொருளை, புதுப்பித்தேன். அதில் இரண்டாம் பதிப்பு இருந்தது. டிக்கை எடுத்துவிட்டேன்.

என்விஎம்இ பற்றிச் சுருக்கமாக. காட்பாடியிலிருந்து கல்லூரி மாணவர்கள் எம்.2 என்ற சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மாட்டினால் தெரியவில்லை என்கிறார்கள். பள்ளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஓடுவது சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இ ஓடும் பிசிஐ எக்ஸ்பிரஸாகவும் இருக்கலாம். அட்டையின் 69ஆவது முனையைப் பார்த்து மதர்போர்டு இது எது என்று தெரிந்துகொள்ளும். இரண்டும் தெரிந்த பள்ளமானால் தானாக மாறிக்கொள்ளும். ஒன்றே தெரிந்ததானால் பேச்சே நடக்காது. வாங்குவதற்கு முன்பு கணினியின் கையேட்டைப் பாருங்கள். அட்டையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை மறக்கவேண்டாம். நான்கு பாதையில் ஓடவேண்டியது ஒரு பாதையில் ஓடுவதைப் பார்த்தால், கழற்றி, முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி மாட்டுங்கள். நம் ஊர்ப் புழுதிக்கு அது அடிக்கடி போதுமானதாக இருக்கிறது.

பொய்யைப் பற்றியும் சொல்லவேண்டும். இத்தனை பேச்சும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: சாதனம் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மை. குடியாத்தம் தம்பி ஒருமுறை மலிவு விலையில் 128 ஜிபி மெமரி கார்டு இரண்டு வாங்கினார். கேமரா கேட்டபோது கார்டு 128 என்றே சொன்னது, கணினியிடமும் அப்படியே. உண்மையில் உள்ளே இருந்தது 16. அதற்கு மேல் எழுதியதெல்லாம் காற்றோடு போயிற்று. மணமகள் மாலை மாற்றும் வரை படம் இருந்தது. தாலி கட்டிய படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் குடும்பத்திடம் அவர் எப்படிப் பேசினார் என்பதை அவரே என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எந்தக் கார்டு வந்தாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவும் எழுதி, திரும்பப் படித்துச் சோதித்துத்தான் பைக்குள் போடுகிறார். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

பொய் இதைவிடத் துணிச்சலாகவும் இருக்கும். பென் டிரைவ் தோற்றத்தில் உள்ள ஒன்று தன்னை விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, கணினியில் தானே கட்டளைகளைத் தட்டச்சு செய்ய முடியும் என்று 2014இல் பிளாக் ஹாட் மாநாட்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். கணினி அதையும் மறுபேச்சில்லாமல் நம்பியது. பஸ்ஸில் கிடந்தது, கடை வாசலில் கிடந்தது என்று யாராவது பென் டிரைவ் கொண்டுவந்தால் நான் செருகுவதில்லை. யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமே என்பார்கள். நல்ல மனசுதான். ஆனாலும் செருகுவதில்லை.

இப்போதெல்லாம் டிஸ்க் சம்பந்தப்பட்ட எந்த வேலை செய்தாலும் பில்லின் கீழே ஒரு வரி எழுதித் தருகிறேன்: எந்த வேகத்தில் முடிந்திருக்கிறது, எந்த முறையில், எந்தத் தேதியில். முதலில் எல்லோரும் விநோதமாகப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து மெதுவாகிவிட்டது என்று வரும்போது அந்த வரியைத்தான் முதலில் பார்க்கிறேன். அன்று 600, இன்று 300 என்றால் அரை மணி நேர வேலை. அன்றும் இன்றும் ஒன்றே என்றால் வேறு இடத்தில் தேடவேண்டும்.

அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. கண் பரிசோதனைக்கு ஊரிலிருந்து வரும் நாள்களில் மதியம் கடையில் உட்கார்ந்திருப்பார். போன மாதம் குடியாத்தம் தம்பி புதிய பெட்டி ஒன்றோடு வந்தார். அவரே ஒரே தள்ளில் செருகிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் திரையில் எண்ணைப் பார்த்து பில்லில் எழுதினேன். இதெல்லாம் என்ன என்று அப்பா கேட்டார். பொய்கைச் சந்தைத் துண்டை உதாரணம் காட்டியே அவருக்கு விளக்கினேன். இரண்டும் உள்ளே பேசி முடித்துக்கொள்கின்றன, என்ன விலை என்று நான் பார்த்து எழுதுகிறேன் என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படியென்றால் நீ துண்டைத் தூக்கிப் பார்க்கிறாய்” என்றார். “சந்தையில் அப்படிச் செய்தால் உதைப்பார்கள்.”